பாய்லருக்குத் தூக்கம் வந்த கதை

வெறும் இன்ஜினும் சக்கரங்களுமாக உருண்டு வரும் வண்டிக்குத் தளம் போட்டு, தூண் நிறுத்தி, கூரை மூடி, ஜன்னலும் இருக்கையும் வைத்து முழு பஸ்ஸாக வெளியே அனுப்புகிற பட்டறை அது. அங்கே ஃபோர்மேனாக இருந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்ற எல்லா இடங்களிலும் அவர் பாய்லர்.

காலையில் பட்டறைக்குள் நுழையும்போதே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். தகட்டில் அடிக்கும் ரிவெட் ஆணி வரிசை கொஞ்சம் கோணிவிட்டால் அடித்தவனோடு விட மாட்டார். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன், அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டவன், அவனைப் பெற்றவர்கள் என்று ஒரு சுற்று போய்விட்டுத்தான் ரிவெட்டுக்குத் திரும்புவார். வீட்டில் குளிக்கப் போகும்போது துண்டு கொடியில் இல்லையென்றால் அந்தக் கோபம் சாயங்காலம் வரை நிற்கும். அதற்குள் துண்டு துவைத்து, காய்ந்து, மடித்து அலமாரிக்கே போயிருக்கும்.

சொந்தக்காரர்கள் இதைப் பரம்பரைக் கோபம் என்றார்கள், கொஞ்சம் பெருமையாகவே. அவருடைய தாத்தா சாப்பாட்டுத் தட்டைச் சாப்பாட்டோடு எறிந்தவர். அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டு எறிந்தவர். இவர் தட்டைத் தொடுவதில்லை, திட்டுவதோடு சரி. அந்த வகையில் குடும்பம் முன்னேறித்தான் இருந்தது.

மகள் முதுகலையில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆய்வே அப்பாவின் கோபம்தான். வெளியே அலைய வேண்டியதில்லை, பொருள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. அவளுடைய பேராசிரியை விவரங்களைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பாய்லர் மூத்த பிள்ளை, சின்ன வயதிலேயே தன் அப்பாவை இழந்தவர், தம்பியை வளர்க்கும் பொறுப்பு. "கோபம்தான் அவரோட கவசம். உள்ளே பயந்துபோன ஒரு குழந்தை இருக்கு" என்றார். அன்றிலிருந்து அப்பா கத்தும்போதெல்லாம் மகள் அந்தக் குழந்தையைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

வெளியே எல்லோரும் அலுத்துக்கொண்டாலும், அந்தக் கோபத்தை நம்பிப் பிழைத்தவர்கள்தான் அதிகம். மனைவி யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. அண்டை வீட்டார் மிக்ஸி கேட்டாலும் சரி, தூரத்துச் சொந்தம் தங்க வருகிறேன் என்றாலும் சரி, "எனக்கு ஒண்ணும் இல்லங்க. அவர்தான் கோபக்காரர்" என்பாள். கேட்டவர்கள் அவளுக்காக இரக்கப்பட்டுக்கொண்டே திரும்பிப் போவார்கள். இப்படி இருபது வருஷமாக அவள் பொறுமைசாலி என்று பெயர் வாங்கியிருந்தாள். முதலாளியோ வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். லீவு கேட்டு வந்தால், "எனக்குச் சம்மதம்தான்பா, ஃபோர்மேனை ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று சிரிப்பார். கேட்கப் போகிற தைரியம் யாருக்கும் கிடையாது. எனவே லீவும் கிடையாது, முதலாளி மேல் வருத்தமும் கிடையாது.

ஒரு நாள் மத்தியானம், முக்கால்வாசி முடிந்த பஸ் ஒன்றின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து பெயின்டரைத் திட்டிக்கொண்டிருந்தார் பாய்லர். "இந்தக் கதவுப் பச்சையும் அந்தத் தகடுப் பச்சையும் ஒரே பச்சையா? உனக்குக் கண்ணுன்னு ஒண்ணு" என்றவர் அங்கேயே நிறுத்தினார்.

பெயின்டர் தலையைக் குனிந்தபடி காத்திருந்தான். அவர் மூச்சு வாங்கினால் அடுத்தது பெரிதாக வரும் என்பது அவன் அனுபவம். அடுத்து வந்தது குறட்டை. போகச் சொல்லி உத்தரவு வராததால் அவன் நகரவில்லை. முதலாளி வந்து பார்த்தபோது, ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார், ஒருவன் அவர் முன்னால் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தான்.

புது வண்டிகளைச் சோதனைக்கு ஓட்டிப் பார்ப்பவர் பாய்லர்தான். விற்க வேண்டிய பஸ்ஸை இவர் எங்காவது முட்டி நிறுத்தினால் என்னாவது என்று முதலாளி யோசித்தார். அன்று சாயங்காலமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பிவைத்தார். மனைவியும் மகளும் கூடப் போனார்கள்.

"குறட்டை விடுவாரா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"விடுவாராவா? பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போனதே அதனாலதான் டாக்டர்" என்றாள் மனைவி.

"நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா?"

"நிக்கும். அந்த நேரத்துலதான் நான் கொஞ்சம் கண்ணசருவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு அவரை ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள்.

"படுத்த உடனே தொண்டை அடைச்சுக்குது. மூச்சு நிக்குது. மூளை பதறி எழுப்பி விடுது. திரும்பவும் அடைக்குது. விடிய விடிய இதான் நடக்குது. நீங்க படுக்கறீங்களே தவிர தூங்கறதில்ல. பல வருஷமா இப்படித்தான் இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "பகல்ல எரிச்சல், கோபம் ஏதாவது வருமா?"

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வரும். ஆனா அது அப்பாவோட பர்சனாலிட்டி டாக்டர்" என்றாள் மகள்.

"இருக்கலாம். முதல்ல மனுஷன் தூங்கட்டும். அப்புறம் என்ன மிச்சம் இருக்குன்னு பாப்போம்."

மூக்கை மூடும் முகமூடி, அதிலிருந்து நீளும் குழாய், தொண்டை அடைக்காதபடி காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் சின்னப் பெட்டி, இதுதான் டாக்டரம்மா கொடுத்த மெஷின். அதை மாட்டிக்கொண்டு படுத்தவர் மறுநாள் வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகுதான் எழுந்தார். முகம் கழுவி வந்து உட்கார்ந்தார். மனைவி டீயை வைத்துவிட்டு வழக்கம்போல இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"டீ நல்லாருக்கு" என்றார்.

அவள் சமையலறைக்குள் போய் மகளைக் கையைப் பிடித்து இழுத்தாள். "உங்கப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. அந்தக் காத்து தலைக்குள்ள போயிடுச்சா பாரு."

அன்று துண்டு கொடியில் இல்லை. அவரே அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டார்.

பட்டறையில் பீதி பரவியது. கதவு ஒன்று கோணலாக நின்றிருந்தது. பாய்லர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கீலைக் கழட்டி மறுபடி வைப்போமா?" என்று கேட்டார். வைப்போமா என்ற சொல் பட்டறை முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. பட்டறையை விற்றுவிட்டார்கள் என்றான் ஒருவன். அவருக்கு டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்றான் இன்னொருவன். பெயின்டர்தான் ரொம்பவும் உடைந்துபோனான். "பச்சையைப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம போறாரு. என் சீட்டைக் கிழிச்சாச்சு போல" என்று சாயங்காலம் வேறு பட்டறையில் விசாரித்துவிட்டு வந்தான்.

ஜன்னலில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒரு வண்டிக்காரர் சண்டைக்கு வந்தார். முதலாளி இனிக்க இனிக்கப் பேசி, வழக்கம்போல ஃபோர்மேனிடம் அனுப்பினார். அப்படிப் போகிறவர்கள் பாதி ஆளாகத் திரும்பி வந்து, கும்பிட்டுவிட்டுப் போவதுதான் நடைமுறை. இந்த முறை பாய்லர் ஒரு வாளித் தண்ணீரை ஜன்னலில் ஊற்றிப் பார்த்தார். "நீங்க சொல்றது சரிதாங்க. ரப்பர் உட்காரல. உங்க எல்லா வண்டியையும் அனுப்புங்க, மாத்தித் தர்றோம்" என்றார். வண்டிக்காரர் முதலாளியிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பு கன்னத்தோடு நின்றது.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. மனைவியின் பெரியம்மா மகள், தன் வீட்டில் தரை மாற்றுகிறார்கள் என்று தங்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். மனைவி கோபக்காரர் பாட்டைப் பாடி முடிப்பதற்குள், அவள் நேராக பாய்லருக்கே போன் போட்டுவிட்டாள். "அதுக்கென்ன, தாராளமா வாங்க" என்றுவிட்டார். கணவன், இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெஷினோடு அவள் வந்து இறங்கினாள். பாய்லர் அந்தக் கணவரோடு சாயங்காலம் சீட்டு விளையாடினார், தோற்றுவிட்டுச் சிரித்தார். மனைவி எல்லோருக்கும் சமைத்தாள்.

மகளின் வகுப்பில் கவிதை எழுதும் பையன் ஒருவன் இருந்தான். பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லச் சங்கடப்பட்டு, "எங்கப்பாகிட்ட வந்து பேசு, பாக்கலாம்" என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். அது அந்த நாளில் கொலை மிரட்டலுக்குச் சமம். எப்படியோ துணிவு வந்து அவன் இந்த வாரம் வந்து நின்றான். பாய்லர் உட்காரச் சொன்னார். கவிதையைக் கேட்டார். "அந்த ரெண்டாவது வரியைத் திரும்பப் படிப்பா, புரியல" என்றார். பையன் பரவசமாகிவிட்டான். கடைசியில் மகளே வாசல்வரை போய் எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. "அப்பாவுக்குப் பிடிச்சிருக்கே" என்றான் அவன்.

அவள் தலையைப் பிடித்துக்கொண்டு பேராசிரியையிடம் போனாள். அப்பா மாறிவிட்டார், ஆய்வு என்ன ஆவது என்று கேட்டாள். பேராசிரியை அசரவில்லை. "நான் எதிர்பார்த்ததுதான். மூத்த பிள்ளை, சீக்கிரமே பொறுப்பு. அப்படிப்பட்டவங்க ஒரு வயசுக்கு மேல கனிஞ்சுடுவாங்க."

"மெஷின் வச்ச மறுநாளே கனிஞ்சுட்டார் மேடம்."

"மெஷினைப் பத்தி எழுதாத. படிக்கிறவங்களைக் குழப்பும்."

அவள் எழுதவில்லை. அந்த ஆய்வு பின்னால் துறையிலேயே முதல் மதிப்பெண் வாங்கியது.

இந்த நேரத்தில்தான் முதலாளி பழக்கூடையோடு நலம் விசாரிக்க வந்தார். பாய்லர் குளிக்கப் போயிருந்தார். "ரொம்பத் தூங்கினாலும் உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றாங்கம்மா. பழைய சுறுசுறுப்பு இல்ல. நீங்கதான் பாத்துக்கணும்" என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். மனைவி பழங்களை எடுத்து அடுக்கினாள். அன்றைக்கே மெஷினின் குழாய் காணாமல் போனது. எல்லோரும் தேடினார்கள். அவளும் தேடினாள்.

மூன்றாம் நாள் காலை அவர் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. துண்டு கொடியில் இல்லை.

பழையபடி ஆரம்பித்தார். துண்டில் தொடங்கி, வீடா சத்திரமா என்று விருந்தாளிகளுக்குப் போய், கண்டவனையும் வாசலுக்கு வரவழைக்கிறாள் என்று மகளைப் பிடித்து, படிப்பு ஒரு கேடா என்று ஏறியது. பெரியம்மா மகள் அறைக்குள் ஓடிப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. மனைவிக்குப் பல நாள் கழித்து மூச்சு சீராக வந்தது. அப்போது அவர் பாதிச் சொல்லில் நின்றார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தார்கள். தூங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இப்படித்தான் பேசுவேனா?" என்று கேட்டார்.

பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"உன்னைத்தான் கேக்கறேன். எப்பவுமே இப்படித்தானா?"

"ஆமாங்க" என்றாள் மனைவி. "கல்யாணமான புதுசுல இல்ல. அப்புறம் இப்படித்தான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல தூக்கத்தின் ருசி தெரிந்த பிறகு, அன்றுதான் தன் குரல் முதல் முறையாக அவர் காதில் விழுந்திருந்தது. மகளை நிமிர்ந்து பார்க்க முயன்றார். அவள் சுவரோரம் ஒட்டி நின்ற விதத்தில், அது பழகிப்போன இடம் என்று தெரிந்தது. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் போர்வைகளுக்கு நடுவிலிருந்து குழாயை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

"நீயா எடுத்து வச்ச?"

"அவங்க கிளம்பட்டும்னுதான்."

"கிளம்பச் சொல்லணும்னா நீயே சொல்லியிருக்கலாமே."

"எனக்கு அப்படியெல்லாம் பேச வராதுங்க."

"பழகிக்க" என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு பள்ளிக்கூட பஸ் முடிந்து நின்றது. பின்பக்கம், ஆபத்துக் காலத்தில் வெளியேறும் கதவு. பாய்லர் அதைத் திறந்தார். பாதி திறந்து, இருக்கைக் கம்பியில் முட்டி நின்றது. பழைய பாய்லராக இருந்தால் வெல்டரின் ஏழு தலைமுறையை இழுத்துவிட்டு, களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பியிருப்பார். கத்தியதே வேலை பார்த்த மாதிரி ஆகிவிடும். இப்போது வெல்டரிடம் கேட்டார். "முதலாளிதான் கூட ஒரு வரிசை சீட் வைக்கச் சொன்னார் சார்" என்றான் அவன். பாய்லர் மாடி ஏறி முதலாளி அறைக்குப் போனார்.

அவர் முகத்தின் இறுக்கத்தைப் பார்த்ததும் முதலாளிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "வாங்க ஃபோர்மேன். எவன் என்ன பண்ணினான்?"

"பள்ளிக்கூட வண்டியில கடைசி வரிசையை எடுக்கணும் முதலாளி. பின்கதவு திறக்கல."

"அந்த வெல்டரைக் கூப்பிட்டு நாலு கேளுங்க."

"அவன் நீங்க சொன்னபடிதான் வச்சிருக்கான். நான் உங்களைத்தான் கேக்க வந்தேன்."

முதலாளி சிரித்தார். "நீங்க முன்னாடி இப்படி இல்ல."

"முன்னாடி எதையும் முழுசாப் பாத்ததில்ல. எனக்கு எப்பவும் தூக்கக் கலக்கம். உள்ள இருக்கப் போறது குழந்தைங்க. வரிசையை எடுக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அதன் பிறகு மாடியிலிருந்து வந்த கத்தலில் கீழே சுத்தியல்கள் நின்றன. பாய்லர் திரும்பிவிட்டார் என்று பெயின்டர் கண்கலங்கினான். கூர்ந்து கேட்டபோதுதான் குரல் முதலாளியுடையது என்று புரிந்தது. நன்றி கெட்டவனே என்பதில் தொடங்கி, அந்தத் தங்கமான வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது. ஏதோ உருண்டு படிக்கட்டில் விழுந்து உடைந்தது. தனக்காகக் கத்த ஆள் வைத்திருந்தவரை இத்தனை வருஷமும் சாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள், அவர் உட்பட.

பாய்லர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தார். முதலாளி பாய்லரின் மனைவிக்குப் போன் செய்தார். குரலில் மறுபடியும் சர்க்கரை. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அவரை மதிக்கிறவன் நான். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லி எழுப்பி அனுப்புங்க."

மனைவி வாயைத் திறந்தாள். பழகிய வாக்கியம் நாக்குவரை வந்தது. ஆனால் கோபக்காரர் உள்ளே குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அவளே பேச வேண்டியிருந்தது.

"எழுப்ப முடியாதுங்க" என்றாள். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்த சீட்டை எடுத்துடுங்க. இனிமே பழக்கூடையும் வேண்டாம்."

போனை வைத்தாள். அதே வேகத்தில், அன்று பெட்டியை இழுத்தும், தரை வேலை முடிந்தும் கிளம்பாமல் இருந்த பெரியம்மா மகளிடம் போய், "நாளைக்குக் காலையில கிளம்பிடுங்க" என்றாள். அது அவளுக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. அடுத்த மாதத்துக்குள் அந்தத் தெருவில் யாரும் அவளிடம் மிக்ஸி கேட்பதை விட்டுவிட்டார்கள். பாவம், நல்ல மனுஷன், இப்படி ஒரு பெண்டாட்டி என்று அவருக்காக இரக்கப்பட ஆரம்பித்தார்கள்.

கையெழுத்துப் போட வேறு யாரும் முன்வராததால் கடைசி வரிசை எடுக்கப்பட்டது. குழந்தைகள் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு என்று பள்ளிக்கூடத்தாரிடம் முதலாளி சொன்னதை, வேலைக்குத் திரும்பியிருந்த பாய்லர் பக்கத்தில் நின்று கேட்டார். அதற்கும் கோபம் வரவில்லையா என்று வெல்டர் கேட்டான். "வந்துது. கதவு திறக்குதே, விட்டுட்டேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பியின் வீட்டுக்குப் போனார். தான் வளர்த்த தம்பிதான். வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. தம்பி புதுக் கடை திறந்த அன்று, பலகை கோணலாக இருக்கிறது என்று வந்தவர்கள் முன்னால் இவர் கத்திய கத்தில் முறிந்த உறவு. தம்பி மனைவி கதவைத் திறந்து திகைத்தாள். தம்பி கூடத்தில் நாற்காலியில் சாய்ந்தபடி பட்டப்பகலில் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கருமை. வாய் பிளந்திருந்தது. சத்தம் கேட்டு எழுந்ததும் முகம் சுருங்கியது.

பாய்லர் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். தொண்டை, மூச்சு, மெஷின். "அன்னிக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கடா."

தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப அன்னிக்குத் திட்டினது நீ இல்ல, உன் தொண்டையா?"

"நான்தான். அதான் வந்திருக்கேன்."

"இத்தனை வருஷமா நான் மனசுல வச்சுப் புழுங்கினது ஒரு குறட்டைக்காகவா? போண்ணே. வேற யாருகிட்டயாவது சொல்லு."

பாய்லர் தயங்கினார். "நீயும் ஒரு தடவை அந்த டாக்டரைப் பாரு. நம்ம குடும்பத்துக் கழுத்தே இப்படித்தான் போலிருக்கு. உனக்கும் எரிச்சல்..."

"எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல" என்று தம்பி எகிறினான். "என் கோபத்துக்குக் காரணம் இருக்கு."

"என்ன காரணம்?"

"நீதான்."

தம்பி மனைவி நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாய்லர் வாசலுக்கு வந்தார். தம்பி மறுபடி சாய்ந்துகொண்டு கண்ணை மூடினான். தம்பி மனைவி பின்னாலேயே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த டாக்டர் சனிக்கிழமை இருப்பாங்களாண்ணா?"

"இருப்பாங்க. ஆனா அவன் மாறிட்டா வீட்டுல எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும், பாத்துக்கம்மா."

கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். உள்ளே குறட்டை ஆரம்பித்தது, ஏறியது, சட்டென்று நின்றது. அவள் சிரிப்பும் நின்றது. இருவரும் கதவைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். பெரிய இழுப்போடு மூச்சு திரும்பி வந்த பிறகு, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லத் தொடங்கினார்.